அத்தை கொண்டுவந்த செங்கல்

உங்கள் வீட்டில் சாப்பாட்டு விஷயமாக யாராவது யாருடனாவது பேச்சை நிறுத்தியிருக்கிறார்களா? ஒரு வாரம், பத்து நாள் கணக்கில் வராது. அதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் முப்பத்தேழு வருஷம் நின்றது. காரணம், ஒரு செங்கல்.

1981. நான் ஆறாம் வகுப்பு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பாவின் அக்கா, கிள்ளான் அத்தை, கல்யாணமாகிப் போன பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்கு வந்தாள். ‘சிதம்பரம்’ கப்பலில் சென்னையில் இறங்கி, ரயிலேறி, கடைசியில் மாட்டு வண்டியில் ஒரு பெரிய தகரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். கோடாலித் தைலம், மைலோ டப்பா, பூப்போட்ட கைலி, ஒரு டார்ச் லைட். எல்லாம் இருந்தது. அதற்கும் அடியில், ‘தமிழ் நேசன்’ பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, செங்கல் மாதிரி ஒன்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்து, வீடு மெழுகி, சாம்பிராணி போட்டிருந்தாள். “நீங்கல்லாம் சாப்பிட்டே இருக்க மாட்டீங்க” என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே அத்தை அந்தச் செங்கல்லில் ஒரு துண்டை வெட்டி, கரண்டியில் வைத்து அடுப்பு நெருப்பில் காட்டினாள். அவ்வளவுதான். வீடு, கொல்லை, பக்கத்து வீடு எல்லாம் ஒரு நாற்றம். நாங்கள் கருவாடு சாப்பிடாதவர்கள் அல்ல. எங்கள் மூக்கெல்லாம் கருவாட்டுக்குப் பழகின மூக்குதான். ஆனால் இது வேறு. கடலே செத்துக் கிடக்கிற மாதிரி.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னத்தக் கொண்டாந்து பொசுக்குறீங்க?” என்றாள் அம்மா.

“ஒன் கருவாடு மட்டும் மல்லியப்பூவா மணக்குதோ?” என்றாள் அத்தை.

அப்புறம் என்னென்னவோ பேசினார்கள். “கண்டதையும் தின்னு கண்ட சாதி ஆயாச்சு” என்று அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொல்லியிருக்கக் கூடாது. சாயங்காலம் அந்தச் செங்கல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குப்பைக் குழியில் கிடந்தது. அத்தை ஒரு மாதம் தங்க வந்தவள், அஞ்சாம் நாளே சின்னத் தாத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே கப்பலேறினாள். 1994-ல் அப்பா இறந்தபோது தந்தி போயிற்று. மாமாவிடமிருந்து பணமும் நாலு வரிக் கடிதமும் வந்தன. அத்தை வரவில்லை.

அந்தச் செங்கல்லின் பெயர் பிளாச்சான். நம் கடற்கரையில் கூனி என்று ஒரு பொடி இறால் உண்டு அல்லவா, அந்த ஜாதி. உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, புளிக்கவிட்டு, மறுபடி காயவைத்துக் கட்டியாக்குவது. சுட்டு, பழுத்த மிளகாயோடு இடித்து, சின்ன எலுமிச்சையைப் பிழிந்தால் சம்பல். மலாய்க்காரர்கள் வீட்டில் அது இல்லாமல் சாப்பாடு இல்லை. மன்னார்குடியில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அது எப்படி ஊர் வாசனை ஆயிற்று என்பது எனக்குப் புரிய 2018 வரை ஆயிற்று.

அந்த வருஷம் ஜூலையில் ஆபீஸ் வேலையாகக் கோலாலம்பூர் போனேன். நான்கு நாள் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். அம்மாவிடம் சொல்லாமல் கிள்ளானுக்கு ரயிலேறினேன்.

நீங்கள் மலேசியா போயிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தால், யார் எப்போது கப்பலில் வந்தார்கள் என்கிற சரித்திரம் தட்டில் வந்துவிடும். பினாங்கில் ‘நாசி கண்டார்’ என்று ஒன்று. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கிற தடி. நம்மூர்த் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கக் கூடையில் சோறு, மறு பக்கக் கூடையில் குழம்பு என்று காவடி மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு. இப்போது ஏர்கண்டிஷன் போட்ட கடையில் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். காவடி போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தக் கடைக்காரர்களை ‘மாமா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ‘மாமக்’ என்று ஒரு மலாய் வார்த்தையே உண்டாகிவிட்டது. இந்த மாமாக்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, அதில் நம் மிளகாய் விழுதையும் உருளைக்கிழங்கையும் தக்காளி சாஸையும் போட்டுப் புரட்டி ‘மீ கோரெங் மாமக்’ என்று ஆக்கிவிட்டார்கள். சீனாவில் போய்க் கேட்டால் கிடைக்காது. தமிழ்நாட்டில் கேட்டாலும் கிடைக்காது. டின் பாலை ஊற்றி, ஒரு கை உயரத்தில் இழுத்து ஆற்றிக் கொடுக்கிற டீக்கு ‘தே தாரிக்’. தாரிக் என்றால் இழுப்பது. நம் பரோட்டா அங்கே ‘ரொட்டி சானாய்’. சென்னைதான் சானாய் ஆனது என்று நம்மவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். மலாய் மொழியில் மாவைப் பிசைந்து மெலிதாக்குவதற்கே சானாய் என்று பேர், போங்கய்யா என்கிறார்கள் அவர்கள். நான் நடுவில் வரவில்லை. சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு தருவதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சீனர்களிலும் எல்லாரும் ஒன்றாக வந்துவிடவில்லை. ஹைனான் தீவுக்காரர்கள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். வியாபாரம், ஈயச் சுரங்கம் எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சமிருந்தது வெள்ளைக்காரன் வீட்டுச் சமையலறை. துரைக்குச் சமைத்துப் பழகியவர்கள் பிற்பாடு சொந்தமாகக் காப்பிக் கடை போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்தக் கடைகளில் வாட்டிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, காப்பி என்று இங்கிலீஷ் காலைச் சாப்பாடு சீன வேஷத்தில் வருகிறது. ரொட்டிக்கு நடுவில் மட்டும் ஜாமுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கிண்டிய ‘காயா’. துரை பார்த்தால் திகைத்திருப்பார். கிள்ளானில் ‘பா கூட் தே’ என்று பன்றி எலும்பு மூலிகை ரசம் பிரசித்தம். துறைமுகக் கூலிகள் உடம்பு வலிக்குக் குடித்தது என்று சொல்கிறார்கள். முன்னால் வந்தவனுக்கு வியாபாரம், பின்னால் வந்தவனுக்கு அடுப்படி. பசித்தவனுக்கு எது மலிவோ அது. ஒரு தேசத்தின் மெனு கார்டு இப்படித்தான் எழுதப்படுகிறது போலிருக்கிறது.

நம்மை மட்டும் விட்டுவிட வேண்டாம். மிளகாய் என்ன நம்மூர்ச் சொத்தா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் புண்ணியத்தில் வந்து இறங்கியது. அதற்கு முன்னால் நம் முன்னோர்கள் மிளகில்தான் காரம் பார்த்தார்கள். மிளகு மாதிரி காரமாக இருக்கிற காய் என்றுதான் அதற்குப் பேரே வைத்தோம்.

கிள்ளானுக்கு வருகிறேன். அத்தைக்கு எழுபத்து நாலு வயது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டாள். “பசியாறிட்டியாடா?”

அங்கே காலை டிபனுக்குப் ‘பசியாறுதல்’ என்று பெயர். நாம் பிரேக்ஃபாஸ்ட் என்கிறோம், டிபன் என்கிறோம். கடல் கடந்து போனவர்கள் நல்ல தமிழ் வார்த்தையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு முன்பக்கமே கடை. அத்தை மகன் நடத்துகிற வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு சீனக் குடும்பம் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாகற்காய் வறுவலை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாட்டியம்மா ரசத்தை எவர்சில்வர் டம்ளரில் வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இலையை அழகாகத் தன் பக்கம் மடித்தார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், அந்த ரசத்தை வைத்தவர்.

மியான்மரிலிருந்து வந்த ஒரு பையன். இருபத்தைந்து வயது இருக்கும். அத்தை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறான். பாத்திரம் கழுவ வந்தவன், அத்தை பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அடுப்புக்கு வந்துவிட்டான். “அக்கா, புளி பத்தல” என்று அத்தையிடம் தமிழில் சொன்னான். (பாட்டி வயசு; அக்கா என்கிறான். அத்தைக்கு அதில் ஒரு சந்தோஷம்.) நான் ரசத்தை ருசி பார்த்தேன். மன்னார்குடி ரசம். பெருங்காயம் கடைசியில் கரைத்து விடுகிற எங்கள் பாட்டி கை.

மத்தியானம் எனக்கு இலை போட்டாள். சோற்றில் லேசாக ஒரு பச்சை வாசனை; பாண்டான் இலை போட்டு வடித்திருந்தாள். இலங்கைத் தமிழர்கள் ரம்பை என்பார்களே, அதுதான். நெத்திலிக் குழம்பு, கங்கோங் கீரை, ஓரத்தில் சிவப்பாக ஒரு துவையல். தொட்டுச் சாப்பிட்டேன். காரம், புளிப்பு, அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு கனமான ருசி. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை வைக்கும்போதுதான் சொன்னாள்.

“ஒங்கம்மா குப்பையில கொட்டுனது இதத்தான்.”

எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு மங்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு (அங்கே கிண்ணத்துக்கு மங்கு), அத்தை தானாகவே பேச ஆரம்பித்தாள்.

1963-ல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாமாவுக்கு வேலை. கித்தாத் தோட்டம் என்பார்கள். லயத்து வீடு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போக வேண்டும். அவள் மாமியார் 1930-களில் கங்காணியோடு போனவர். (1938-ல் கூலி வேலைக்கு மலாயா போவதை இந்திய அரசாங்கமே தடை செய்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முந்தி.) அந்த அம்மாள் வரும்போது தகரப் பெட்டியில் மிளகாய் விதையும் முருங்கை விதையும் கொண்டுபோயிருந்தாராம். முருங்கை வந்தது. பெட்டியில் இருந்த புளியும் பருப்பும் தீர்ந்தது.

“அப்பறம் ஜப்பான்காரன் வந்தான்” என்றாள் அத்தை, தானே பார்த்தவள் மாதிரி. மாமியார் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அது சொந்த நினைவாகிவிட்டது. 1942 முதல் 45 வரை. மலாயாவுக்கு அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டும். யுத்தத்தில் அது நின்றுபோயிற்று. தோட்டத்து ஆண்களை சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஏராளமானவர்கள் திரும்பவில்லை. மாமியாரின் புருஷனும் திரும்பவில்லை. அரிசி இல்லாத லயத்தில் மூன்று வருஷம் மரவள்ளிக்கிழங்குதான். காலையிலும் கிழங்கு, ராத்திரியிலும் கிழங்கு. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரி ஒருத்தி காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கீரை தின்னலாம், எந்தக் கீரை ஆகாது என்று காட்டிக் கொடுத்தாளாம். கிழங்கு தொண்டையில் இறங்க ஒரு துண்டு பிளாச்சானும் கொடுத்தாள்.

“உப்பில்லாத கெழங்கத் தின்னு பாத்துருக்கியா? அதுக்கு இதத் தொட்டுக்கிட்டா உள்ள போயிரும். எங்க மாமியா புள்ளைங்கள அதுலதான் காப்பாத்துச்சு. ஒங்க மாமாவ இதுதான் காப்பாத்துச்சு. அந்தத் துண்டத்தான் ஒங்கம்மாவுக்குக் காட்டணும்னு கொண்டாந்தேன்.”

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை என்றேன். “சொல்ல விட்டாத்தானே!”

மாமியார் சாகிற வரைக்கும் மரவள்ளிக்கிழங்கை வீட்டுக்குள் சேர்க்கவில்லையாம். பிளாச்சானை மட்டும் விடவில்லை. பஞ்சத்தில் சாப்பிட்டதில் ஒன்றை வெறுத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்று வேறு வழியில்லாமல் தின்றது, மற்றது ஒரு மனுஷி கையால் வாங்கியது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தோட்டம் பிற்பாடு கைமாறியது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். பல தோட்டங்களில் வீட்டு மனை போட்டார்கள். லயத்துச் சனங்கள் டவுனுக்கு வந்தார்கள். அத்தையும் மாமாவும் சாலையோரத்தில் ஒரு தள்ளுவண்டியில் தோசை சுட்டு ஆரம்பித்ததுதான் இந்தக் கடை.

அன்றைக்கு அத்தை மகன் முகத்தில் சிரிப்பே இல்லை. பேப்பரைக் காட்டினான். அந்த ஜூன் மாதம் மலேசியாவின் மனிதவள அமைச்சர் ஒரு அறிவிப்பு செய்திருந்தார். 2019 ஜனவரி முதல் உணவகங்களில் உள்ளூர்க்காரர்தான் சமைக்கவேண்டும். பெரிய எதிர்ப்பு கிளம்பியதும், அது யோசனைதான், முடிவல்ல என்று சொல்லியிருந்தார். ஆனாலும் கடைக்காரர்களுக்குப் பயம் போகவில்லை. ஏனென்றால் பினாங்கில் ஏற்கெனவே 2016 முதல் அப்படி ஒரு விதி இருக்கிறது. சாலையோரக் கடைகளில் உள்ளூர்ப் பண்டங்கள் சிலவற்றை வெளிநாட்டுக்காரர் பிரதான சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது. ருசி கெட்டுவிடுமாம்.

அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைந்த சம்பளத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பையனைச் சட்டி முன்னால் நிறுத்திவிட்டு முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டால், மூன்று தலைமுறைக் கைப்பக்குவம் மூன்றே மாதத்தில் போய்விடும். நானே அப்படிப்பட்ட நூடுல்ஸைத் தின்றிருக்கிறேன். ஆனால் பாருங்கள், அந்தப் பட்டியலில் இருக்கிற பண்டங்களில் பாதிக்குமேல் தென்சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சமைத்தது. பேரே இன்னும் ஹொக்கியன் பாஷையில்தான் இருக்கிறது. 2009-ல் இன்னொரு கூத்து நடந்தது. சுற்றுலா அமைச்சர், எங்கள் பண்டங்களை மற்ற நாடுகள் அபகரித்துக்கொண்டன என்றார். அவர் சொன்னவற்றில் ஒன்று ஹைனான் கோழிச் சோறு. ஹைனான் சீனாவில் இருக்கிறது! சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது, அது எங்களுடையது என்று.

அத்தைக்கு இந்தச் செய்தியெல்லாம் மகன் படித்துச் சொல்லித்தான் தெரியும். அவள் கேட்டது வேறு. “எங்க மாமியா வந்தப்ப அதுகிட்ட யாரு பெர்மிட்டு கேட்டா? இந்தத் தம்பி என்னா, வேற கப்பல்ல வந்தவன். அவ்ளோதான லா?”

நிறைய விஷயம் நல்லபடியாகவும் நடந்திருக்கிறது. 2020-ல் சிங்கப்பூரின் சாலையோர உணவுக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பழக்கம் அதே பட்டியலில் வந்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், நம் ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் ஒரே மேஜையில். அதே 2024-ல் பா கூட் தேயை தேசியப் பாரம்பரிய உணவு என்று அறிவித்தபோது மட்டும், பன்றிக்கறி எப்படி தேசிய உணவு ஆகும் என்று சண்டை வந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடு அல்லவா. வெள்ளிக்கிழமை அடுப்பில் பிளாச்சான் சுட்ட கதைதான்.

அந்தத் தம்பி? 2020 ஊரடங்கில் கடை மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஒருநாள் சொல்லிக்கொண்டு போனான். எங்கே இருக்கிறான் என்று அத்தைக்குத் தெரியவில்லை. கடையில் இப்போது அத்தையின் மருமகள்தான் சமைக்கிறாள். ரசத்துக்கு இன்னும் அவன் அளவுதான். புளி ஒரு பிடி கூட.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது அத்தை ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஏழெட்டு பிளாஸ்டிக் பை சுற்றி. விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். தாம்பரத்தில் வீட்டுக்குள் நுழைந்து, விஷயத்தைச் சொல்லி, பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினேன். மரவள்ளிக்கிழங்கு, மாமியார், மலாய்க்காரி எல்லாம் சொன்னேன். அம்மா பிரிக்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“அதேதான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னிக்கு என்ன கெழம?”

“செவ்வாய்.”

“நாளைக்குப் பாத்துக்கலாம்.”

புதன்கிழமை காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது. “எவ்ளோ நேரம் வாட்டணும்னு கேட்டுக்கிட்டு வந்தியா?”

கேட்டுக்கொண்டு வரவில்லை என்றேன்.

“ஒண்ணு உருப்படியா கேட்டுட்டு வரமாட்டியே. போனப் போடு.”

கிள்ளான் நம்பரைப் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைக்கப் போனேன்.